என் வீட்டுக்காரரின் ஒரிஜினல் சைக்கிள்

என் வீட்டுக்காரர் மலையாண்டியை யாரும் அவ்வளவு எளிதில் ஏமாற்றிவிட முடியாது. அதற்கு முதலில் இன்டர்நெட் வேண்டும்.

நேரில் என்றால் மனிதர் புலி. மாசி வீதிப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். சேலையை ஒரு விரலால் தடவிப் பார்த்தே எந்த ஊர்த் தறி, எவ்வளவு கலப்படம் என்று சொல்லிவிடுவார். சொல்வதெல்லாம் வீட்டுக்கு வந்து என்னிடம்தான். வாங்க வந்த பெண்களிடம், "கலர் போகாதும்மா, நானே கேரண்டி" என்பார். அப்பேர்ப்பட்டவர் கோரிப்பாளையத்து மாடி வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனைக் கையில் எடுத்தால் பச்சைப் பிள்ளை ஆகிவிடுவார். முகம் தெரியாத எவனோ ஒருவன், "ரேர் பீஸ் சார், சீரியஸ் பையர் மட்டும்" என்று ஒரு வரி எழுதினால் போதும், இவர் சீரியஸ் ஆகிவிடுவார்.

எல்லாம் என் மாமனார் பெரியகருப்பன் விட்டுப்போன ஒரு பச்சை சைக்கிளால் வந்தது. உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பால் கேனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு ஓட்டிய சைக்கிள். மனிதர் போய்ச் சேர்ந்தபோது நிலத்தைப் பங்கு வைத்தார்கள். என் நாத்தனார் ஜெயக்கொடி, இவருக்கு ஒரே தங்கை, கொட்டாம்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டவள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனக்கு எதுவும் வேணாம்ணே. அப்பா சைக்கிளை மட்டும் எனக்குக் குடுத்துரு."

இவர் அப்போதே தூக்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அண்ணன் ஆயிற்றே, சும்மா கொடுத்தால் என்ன பெருமை? "உன் மகளுக்குக் காது குத்துறப்ப தாய்மாமன் சீரா, ஊர் பாக்க மேளதாளத்தோட கொண்டாந்து நிறுத்துறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஜெயக்கொடி அழுதாள். நான்கூடக் கொஞ்சம் அழுதேன். சைக்கிள் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றது.

அது அப்படியே நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. சீர் கொடுக்கிற பொருளைப் பழசாகவா கொடுப்பது என்று இவருக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வந்த கையோடு, பழைய சைக்கிள் பைத்தியங்கள் கூடியிருக்கிற ஒரு வாட்ஸப் குரூப்பில் போய்ச் சேர்ந்தார். அதன் அட்மின் சூரியபிரகாஷ் என்று ஒருவர். கோயம்புத்தூரோ திருப்பூரோ, நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. அவர் வாயைத் திறந்தால் இங்கிலாந்துதான். இவர் சைக்கிளைப் படம் பிடித்துப் போட்டார். மறுநிமிடம் பதில் வந்தது.

ஹேண்டிலுக்குக் கீழே குத்தியிருந்த பித்தளை முத்திரை மட்டும்தான் ஒரிஜினலாம். இங்கிலாந்தில் செய்ததாம், ரொம்ப அரிதானதாம். மற்றபடி மட்கார்டு டூப்ளிகேட், சீட்டு டூப்ளிகேட், ஹேண்டில்பார் லூதியானா, பெயிண்ட் ஏதோ வாசல் கேட்டுக்கு அடித்தது. அந்தக் கேரியர் இருக்கிறதே, அது கேரியரே இல்லை, கொல்லன் அடித்த கட்டில் என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மைகளையும் வரிசையாகப் போட்டிருந்தார்.

படித்துவிட்டு இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சைக்கிளை டூப்ளிகேட் என்றதற்கு, அப்பாவையே டூப்ளிகேட் என்று சொன்ன மாதிரி இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

"முனீஸு, ஒரிஜினலா மாத்திப்புட்டுத்தான் மறுவேலை" என்றார்.

"ஓடுற சைக்கிளை எதுக்குங்க நோண்டுறீங்க? தொடச்சு எண்ணெய் போட்டாப் பத்தாதா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

புரியாதுதான். ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவளுக்கு என்ன புரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம், கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டால் துணி உழைக்கும் என்பதுதான். கிழியாத இடத்தையும் வெட்டிப்போட்டு, வெட்டிய இடத்துக்குக் கொல்கத்தாவிலிருந்து ஒட்டு வரவழைப்பது படித்தவர்கள் செய்கிற காரியம்.

பார்சல்கள் வரத் தொடங்கின. கூரியர்காரர் எங்கள் வீட்டுக்கு மட்டும் போன் போடாமலேயே படியேறிவிடுவார். முதலில் வந்தது சீட்டு. "பாரம்பரியத் தோல்" என்று விளம்பரம். பாரம்பரியமாக எலிகள் தின்றிருக்கின்றன, மற்றபடி குறை சொல்ல முடியாது. அப்புறம் ஒரு ஜோடி பெடல் வந்தது. மாட்டிப் பார்த்தால் இரண்டும் இடது பக்கத்துக்கானவை. சைக்கிளில் இடதும் வலதும் மரை மாறி ஓடுமாம். விற்றவனிடம் கேட்டால் "ஜோடி என்றுதான் சொன்னேன், ஜோடிதானே அனுப்பியிருக்கேன்" என்று இந்தியில் வாதாடினான். சரி, ஒற்றை வலது பெடல் வாங்குவோம் என்று இன்னோர் ஆளிடம் சொல்லி வரவழைத்தார். அதுவும் இடது. வீட்டில் மூன்று இடது பெடல்கள் சேர்ந்துவிட்டன. மூன்று காலும் இடதாக ஒரு பிறவி இருந்தால் அதற்கு நாங்கள் சைக்கிள் தரத் தயாராக இருந்தோம்.

துரு என்ற சொல்லையே வீட்டில் தடை செய்துவிட்டார். அதற்குப் பட்டினா என்று பெயராம். துருப்பிடித்ததை நம் தெருவில் எடைக்குப் போடலாம். பட்டினா பிடித்ததைத் தெர்மாகோலில் சுற்றி இன்ஷூரன்ஸ் கட்டி அனுப்ப வேண்டும். ஒருநாள் என் இரும்புக் கடாயைத் தேய்க்கும்போது, "இதுகூடப் பட்டினாதாங்க, போட்டோ எடுத்துப் போடுங்க, எவனாவது கேப்பான்" என்றேன். இரண்டு வேளை பேசவில்லை. எனக்கும் வேலை ஓடியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏமாந்த பிறகு அவர்களைப் பற்றிக் குறை எழுத இவருக்கு மனசு வராது. "பாவம், எங்கிருந்தோ மெனக்கெட்டு அனுப்புறாங்க" என்பார். அதனால் ரிவ்யூ எழுதுகிற வேலை என்னுடையது. ஒரு நட்சத்திரத்தைத் தட்டிவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் தமிழிலேயே எழுதிவிடுவேன். படிக்கிறவனுக்குப் புரியாவிட்டாலும் எனக்கு மனசு ஆறும். ஒன்றுக்குக் குறைத்துக் கொடுக்க வழியில்லை என்பது ஒன்றுதான் வருத்தம்.

கடைசியில் ஃப்ரேமுக்கு வந்தது வினை. அட்மின், கீழே பொறித்திருக்கிற எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். இவரும் அனுப்பினார். ஃப்ரேமும் இங்கிலாந்து இல்லை என்று தீர்ப்பு வந்தது. எந்தக் காலத்திலோ ஒடிந்து, மாமனார் வேறு ஃப்ரேம் மாற்றி, பழைய முத்திரையை மட்டும் பெயர்த்து அதில் குத்தியிருக்கிறார். ஆக, இவர் ஒரு முத்திரைக்குப் பொருத்தமாகச் சைக்கிள் செய்துகொண்டிருந்தார். சட்டைப் பித்தான் நன்றாயிருக்கிறது என்று அதற்குச் சட்டை தைக்கிற கதை.

ஃப்ரேமும் வந்தது. சாக்கிலும் பழைய சேலையிலும் பிணத்தைப் போலச் சுற்றி வந்தது. அந்தச் சேலையைத் தொட்டுப் பார்த்து, "இது சூரத் பாலியஸ்டர்" என்று சட்டென்று சொன்னார். உள்ளே இருந்த இரும்பு எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. விற்றவன் சொன்னதை நம்பினார்.

கழற்றிப் போட்ட பழைய சாமான்களைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவதா, வைப்பதா என்று பேச்சு வந்தது. "டூப்ளிகேட் குப்பை, வீட்டுல எதுக்கு?" என்று அத்தனையையும் எடைக்காரர் வண்டியில் ஏற்றிவிட்டார். கேரியரை மட்டும் நான் விடவில்லை. மாமனார் மேல் பாசம் பொங்கி அல்ல. அடுப்படியில் குடம் வைக்க ஸ்டாண்டு இல்லை. அகலமாக, கெட்டியாக, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்தால் ஆடாமல் நின்றது. அதில் ஒரே தொந்தரவு, பக்கத்துக்கு ஒன்றாக முளைத்திருந்த இரண்டு இரும்புத் துண்டுகள். யானைக் காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குனிந்து நிமிரும்போதெல்லாம் முழங்காலில் இடிக்கும். எந்தக் கொல்லன் எந்தப் புத்தியில் வைத்தானோ என்று தினமும் ஒருமுறை திட்டுவேன்.

தை பிறந்ததும் ஜெயக்கொடி போன் பண்ணினாள். மகள் பவதாரிணிக்குக் காது குத்த நாள் வைத்துவிட்டார்களாம்.

"அண்ணே, நீ நகை நட்டு எதுவும் போடாட்டியும் பரவாயில்ல. அப்பா சைக்கிள் வந்துரும்ல?"

"ஏத்தா, வந்து பாரு. நீயே அசந்துபோயிருவ" என்றார் இவர்.

அதற்குள் வலது பெடல்கூட ஒருவழியாக டெல்லியிலிருந்து வந்துவிட்டது, செயின் மட்டும் பாக்கி. அதற்காக அவர் பட்ட பாடு தனி. கடைசியில் ஒரு ஆள் கிடைத்தான். செய்த காலத்திலிருந்து உறை பிரிக்காத பழைய சரக்காம். எங்கோ ஒரு குடோனில் இவருக்காகவே இத்தனை வருசம் கண் விழித்துக் காத்திருந்ததாம். ரிட்டர்ன் கிடையாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. சீருக்கு முந்தின வாரம் வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்ததும் இவர் முகர்ந்து பார்த்தார். பூஜைக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மாட்டி முடித்து, கறுப்புப் பளபளப்பும் தங்கக் கோடுமாகச் சைக்கிள் நின்றபோது, பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. மியூசியத்தில் வைக்கலாம். ஏறி ஓட்டத்தான் யாருக்கும் அனுமதி இல்லை. கைரேகை படும் என்று என்னைத் துடைக்கவும் விடவில்லை. குரூப்பில் படம் போட்டார். அட்மின் எழுந்து நின்று வணக்கம் வைக்கிற பொம்மை போட்டார். பின்னால் கேரியர் இல்லாமல் மட்கார்டு மொட்டையாக இருந்தது. கேட்டேன்.

"ஒரிஜினல் மாடலுக்குக் கேரியரே கிடையாது முனீஸு. வெள்ளைக்காரன் என்ன, பாலா ஊத்துனான்?"

சீர் அன்று காலையில் குட்டியானை வண்டியைப் பிடித்தோம். சைக்கிளை மெத்தை விரித்து ஏற்றினார். நான் சீர்த் தட்டுகளைப் பின்னால் அடுக்கினேன். பழத்தட்டு, இனிப்புத் தட்டு, சேலை, கவுன், வெற்றிலை பாக்கு. வண்டி குலுங்கினால் எல்லாம் சரிந்துவிடும். அடுப்படியில் குடத்தை இறக்கிவிட்டு அந்தக் கேரியரைத் தூக்கி வந்து தட்டுகளுக்கு முட்டுக் கொடுத்தேன். "இந்தக் குப்பையை எதுக்கு ஏத்துற?" என்று முறைத்தார். மேளக்காரர்கள் காத்திருப்பார்கள் என்று நான் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

ஊர் முகப்பில் பிள்ளையார் கோயிலடியில் வண்டி நின்றது. நையாண்டி மேளம் தயாராக இருந்தது. தட்டுகளைச் சொந்தக்காரப் பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். இவர் பட்டு வேட்டி, மாலையோடு, ஹேண்டில்பாரிலும் ஒரு மாலையைப் போட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். மாப்பிள்ளை அழைப்பு கெட்டது போங்கள். ஊர்க்காரர்கள் போனை எடுத்து எடுத்துப் படம் பிடித்தார்கள். இவர் ஒவ்வொருத்தருக்கும் நின்று போஸ் கொடுத்தார்.

மண்டபத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஜெயக்கொடி ஆரத்தித் தட்டோடு எதிரே வந்தாள். அவள் கண் எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் தேடியது. ஆரத்தி எடுத்தாள், திலகம் வைத்தாள். அப்புறம் கேட்டாள்.

"அப்பா சைக்கிள் பின்னாடி வருதாண்ணே?"

மேளக்காரர் ஒருத்தர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"இதுதாந்த்தா" என்றார் இவர்.

அவள் சிரித்தாள். அண்ணன் கேலி பண்ணுகிறான் என்று நினைத்துவிட்டாள். இவர் விளக்கத் தொடங்கினார். அந்த வாயை நான் பொத்தியிருக்க வேண்டும். "ஃப்ரேம் ஒரிஜினல்த்தா, வடக்கேருந்து வந்தது. சீட்டு கொல்கத்தா. பெடலு ஒண்ணு பரேலி, ஒண்ணு டெல்லி. செயின் பிரிக்காத பீஸு. அப்பாகிட்ட இருந்ததெல்லாம் டூப்ளிகேட்டு…"

சொல்லச் சொல்ல அவருக்கே காதில் விழுந்தது. குரல் தேய்ந்தது. கடைசியில் பித்தளை முத்திரையைத் தொட்டு, "இது மட்டும் அப்பாவோடது" என்றார்.

ஜெயக்கொடி ஆரத்தித் தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, சைக்கிளைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள். மொட்டை மட்கார்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் எங்கண்ணே உக்காருவேன்?" என்றாள்.

அவள் யாரிடமும் சொல்லாமல் சொல்வது போலச் சொன்னாள். "நாலாப்பு படிக்கிறப்ப குதிகால் சக்கரக் கம்பிக்குள்ள போயிருச்சு. ரத்தமாக் கொட்டுச்சு. அப்பா பாலை ஊத்தாமக் கொல்லன் பட்டறைக்குப் போயி, ரெண்டு பக்கமும் கால் வைக்க இரும்பு வச்சுக் குடுத்துச்சு. பன்னெண்டாப்பு முடிக்கிற மட்டும் அதுலதான் காலை வச்சுக்கிட்டுப் போனேன்."

சேலையைச் சற்றே தூக்கினாள். குதிகாலில் பழைய தழும்பு. நான் இத்தனை வருசத்தில் அதைக் கவனித்ததே இல்லை. இவருக்கும் அது நினைவில் இல்லை. ஆம்பளைப் பிள்ளை என்று முன்பாரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போனவருக்குப் பின்னால் தங்கை கால் எதன்மேல் இருந்தது என்று எப்படித் தெரியும்?

எனக்கு அந்த யானைக் காது சட்டென்று உறைத்தது. முழங்கால் நினைவுபடுத்தியது என்றும் சொல்லலாம். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குட்டியானைக்கு ஓடினேன். கேரியரைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வியர்த்து, தலை கலைந்து, சீர்வரிசையில் இரும்புச் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற முதல் அத்தைக்காரி நானாகத்தான் இருப்பேன்.

"இதா பாரு, குடத்தண்ணி பட்டு லேசா துருப்பிடிச்சிருக்கு" என்றேன். பட்டினா என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை.

ஜெயக்கொடி அந்த இரண்டு இரும்பையும் தடவிப் பார்த்தாள். "மதினி" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் நாத்தனாரைக் கட்டிக்கொண்டு நான் அழுவேன் என்று என் தாய்வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

என் பின்னாலேயே ஓடி வந்த குட்டியானைக்காரரிடம் இவர் ஸ்பேனர் கேட்டார். மாலையைக் கழற்றி வைத்தார். பட்டு வேட்டியோடு ரோட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தார். பின்சக்கர நட்டைத் திருகி, கேரியரின் காலைக் கொடுத்து முடுக்கினார். வெள்ளைக்காரன் உடம்பும் கொல்லன் கேரியரும் ஒத்துப்போகவில்லை, முரண்டு பிடித்தது. கல்லை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். கைரேகை படக் கூடாத அந்தக் கறுப்புப் பளபளப்பு, தங்கக் கோட்டோடு ஒரு விரல் நீளத்துக்குச் சிலாம்பாகப் பெயர்ந்து விழுந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுத்த நட்டைத் திருகினார். எனக்கு அந்த மனிதரை வெகு நாளைக்குப் பிறகு பிடித்திருந்தது.

"ஏறுத்தா" என்றார்.

விசேஷக்காரி, பட்டுச் சேலையும் நகையுமாக, ஊரே பார்க்க, ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். காலைத் தூக்கி அந்த இரும்பில் வைத்தாள். அளவு சரியாக இருந்தது. மேளக்காரர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது, பிளந்து கட்டினார்கள். இவர் சீட்டில் ஏறி, பரேலியை ஒரு மிதி மிதித்தார். டெல்லியை ஒரு மிதி மிதித்தார். சைக்கிள் நகர்ந்தது. பவதாரிணி கைதட்டினாள்.

நாலு மிதிகூட முழுதாக மிதித்திருக்க மாட்டார். செயின் அறுந்தது. இவருக்காகவே குடோனில் கண் விழித்துக் காத்திருந்த செயின், சரம் அறுந்த மாதிரி ரோட்டில் விழுந்தது.

இவர் காலை ஊன்றி நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. திரும்பித் தங்கையைப் பார்க்கவே பயந்தார். "இறங்குத்தா" என்றார் மெதுவாக.

ஜெயக்கொடி இறங்கவில்லை. இன்னும் நன்றாகச் சாய்ந்து, சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எதுக்கு இறங்கணும்? மேடு வந்தா அப்பா என்னை இறங்கவா சொல்லும்? தள்ளுண்ணே."

தள்ளினார். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை சீட்டில், மண்டபம் வரைக்கும் வியர்வை சொட்டச் சொட்டத் தள்ளினார். அவள் இரண்டு காலையும் இரும்பில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போகிறவள் மாதிரி நேராக உட்கார்ந்து வந்தாள். அழுகிறாரா வியர்வையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் இவர் வியர்வை என்றார். ஆசாரி காது குத்தியபோது மாமன் மடியில் இருந்த பவதாரிணி அழவே இல்லை. மாமன்காரன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததை வேடிக்கை பார்ப்பதில் அவளுக்கு வலி தெரியவில்லை போல.

பந்தி முடிந்ததும் இவர் மண்டபத்து ஓரமாக உட்கார்ந்து குரூப்பைத் திறந்தார். யாரோ ஊர்க்காரர் எடுத்த படத்தை இவரே எதற்கோ அதில் போட்டுத் தொலைத்திருக்கிறார். "மலையாண்டி சார், கேரியர் ஒரிஜினல் இல்லையே" என்று சூரியபிரகாஷ் எழுதியிருந்தார். இவர் "ஒரிஜினல்தான்" என்று எழுதிவிட்டுக் குரூப்பை விட்டு வெளியே வந்தார்.

"முனீஸு, அந்தச் செயின்காரனுக்கு ரிவ்யூ நீயே எழுதிரு. உன் இஷ்டம்" என்று போனை என்னிடம் நீட்டினார்.

வழக்கம்போல ஒரு நட்சத்திரத்தில் விரலை வைத்தேன். எதிரே, மண்டபத்து வாசலில் சுவரோடு சாத்தியிருந்த சைக்கிளின் கேரியரில் ஜெயக்கொடி தன் மகளை ஏற்றி உட்கார வைத்து, இரும்புக்குக் கால் எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை எடுத்துவிட்டு ஐந்து நட்சத்திரத்தையும் வரிசையாகத் தட்டினேன். கீழே எழுதினேன்: "செயின் அறுந்துவிட்டது. ரொம்ப நன்றி."